ஃபரீதா அக்காவின் பேஷ்

நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்:

1. பக்கவாதத்தால் பேச்சு குழறிய ஃபரீதா அக்கா எங்கள் பேச்சுப் பயிற்சி அறைக்கு வந்தார்.
2. சில மாதங்களில் எங்கள் தமிழ்ச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறினார்.
3. பயிற்சி முடிந்தது, இனி வர வேண்டாம் என்றோம்.
4. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.
5. அவருடைய கணவர் ஒரு மெல்லிய அரபிப் புத்தகம் கொண்டுவந்தார்.
6. அதன் முதல் பக்கங்களை வாசிக்க நான் கற்றுக்கொண்டேன்.
7. அவருக்கு எது வரவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இந்த ஏழு வரியையும் விரித்து எழுதச் சொன்னது பிரியங்கா. போன வருடம் எங்கள் அறைக்கு வேலைக்கு வந்த பெண். இப்போது நோயாளிகள் வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய ஒரு கைப்பேசிச் செயலி வந்திருக்கிறது. சொல்லைச் சொன்னால் பச்சையோ சிவப்போ காட்டும். ஒருநாள் டீ குடிக்கும்போது பிரியங்கா கேட்டாள்:

"அக்கா, ஆப் பச்சை காட்டுது. பேஷன்ட் 'இல்லம்மா, சரியா வரல'ன்றாங்க. நான் யாரை நம்பறது?"

"நீ என்ன பண்ண?"

"ஆப்பை அப்டேட் பண்ணிட்டேன்."

சிரித்துவிட்டு ஃபரீதா அக்காவைப் பற்றிச் சொன்னேன். அதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னாள். போகிறேன் என்பது உண்மைதான். ஒரு கல்லூரியில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருக்கிறது. நோயாளிகளை உட்காரவைத்துப் பார்க்கும் வேலை எனக்கு இந்த மாதத்தோடு முடிகிறது. முப்பத்தொரு வயதில் ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இந்த அறையைப் பொறுத்தவரை எனக்கு இது ஓய்வுதான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து காலை ரயிலில் சென்னை போய், செவித்திறனும் பேச்சுச் சிகிச்சையும் படித்துவிட்டு மாலை ரயிலில் திரும்பினேன். தொண்டை, நாக்கு, அண்ணம், நரம்பு என்று எல்லாவற்றின் படங்களையும் ரயிலிலேயே வரைந்து பழகினேன். இந்தப் படிப்பை ஏன் எடுத்தாய் என்று எல்லோரும் கேட்பார்கள். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா ஒரு தறியில், அம்மா ஒரு தறியில். அந்தச் சத்தத்துக்கு மேல் யாரும் கத்துவதில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வாசலில் நின்று அம்மா உதட்டை அசைத்தாலே, உப்பு வாங்கி வரவேண்டுமா புளி வாங்கி வரவேண்டுமா என்று எனக்குத் தெரியும். வாயைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகவே இருந்தது. அதைச் சோறு போடும் வேலையாக ஆக்கிக்கொடுத்தது இந்த அறை.

அறை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஊருக்குள் இருக்கும் ஒரு சிறிய மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஆள் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி, மூன்று நாற்காலி. வெளியே காத்திருப்போருக்கு ஒரு நீள பெஞ்சு. அறைக்குப் பொறுப்பு ஹெலன் மேடம்.

மேடம் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கண்ணாடியைத் துடைப்பது. அதை யாரிடமும் விடமாட்டார். நோயாளியின் நாற்காலி ஜன்னலைப் பார்த்து இருக்கவேண்டும், வெளிச்சம் உதட்டில் விழவேண்டும். நான் எதிரே உட்காருவேன். மேடம் நோயாளிக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். நான் கண்ணால் பார்ப்பதும் அவர் காதால் கேட்பதும் கலந்துவிடக் கூடாது என்பது அவர் முறை. இரண்டு பேரும் தனித்தனியாகப் பென்சிலால் எழுதுவோம், பிறகுதான் ஒத்துப்பார்ப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் ஒரு சொல்லைச் சரியாகச் சொன்னதும் நான் "வெரி குட்" என்று கைதட்டினேன். அவர் போனபிறகு மேடம் சொன்னார்:

"அவரு வீட்டுல பத்து பேருக்கு முடிவெடுக்கறவரு. நீ எல்கேஜி மிஸ் மாதிரி கை தட்டற."

"அப்போ என்ன மேடம் சொல்றது?"

"நல்லா வந்தா 'கேட்டுச்சு'ன்னு சொல்லு. வரலன்னா 'இன்னொரு வாட்டி'. அவ்ளோதான். அவங்களுக்கு வேண்டியதும் அதான்."

எங்கள் அறையில் பாராட்டுக்கும் கண்டிப்புக்கும் சேர்த்து அந்த இரண்டு சொற்கள்தான். நோயாளிகள் "கேட்டுச்சு"க்காக அவ்வளவு பாடுபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபரீதா அக்கா வந்தபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. அதனால் வலது கை தளர்ந்திருந்தது, முகத்தின் வலப்பக்கமும் தளர்ந்து வாய் இடப்பக்கமாக இழுத்திருந்தது. சொற்கள் மனதில் ஒழுங்காக இருந்தன, வாயில்தான் குழைந்தன. கூட எப்போதும் கணவர் சலீம் பாய் வருவார். தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். சட்டைப் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் எப்போதும் இருக்கும். வேலைக்குப் போகிறீர்களா என்று முதல் நாள் நான் கேட்டதற்கு ஃபரீதா அக்கா இல்லையென்று தலையசைத்தார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

மற்றவர்களுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தோம். உதட்டை விரிப்பது, குவிப்பது, கன்னத்தில் காற்றை அடக்குவது. ப-த-க, ப-த-க என்று வேகமாகச் சொல்லவைப்பது. பிறகு படங்கள்: புலி, குடை, பூட்டு. பிறகு ஒரு பத்தி வாசிப்பது, பிறகு பேச்சு. நன்றாகத் தேறினார். பேச்சு தெளிந்தது, சலீம் பாயைக் கண்டிப்பதும் தெளிந்தது. ஒருநாள் எல்லாச் சோதனையும் முடித்து, என் தாளையும் மேடம் தாளையும் ஒத்துப்பார்த்தோம். இரண்டிலும் குறை இல்லை. வெளியே பெஞ்சு நிறைந்திருந்தது.

"முடிஞ்சுதுங்க அக்கா. இனிமே தினம் வர வேணாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முடியல" என்றார். தெளிவாகவே சொன்னார்.

"எது முடியலக்கா?"

இடது கையால் உதட்டைத் தொட்டுக் காட்டினார்.

சலீம் பாய் சங்கடத்தோடு எழுந்து நின்றார். "நல்லாதானே பேசற? என்னை திட்டறதெல்லாம் சுத்தமா வருதே."

"உங்கள திட்ட உதடு எதுக்கு? கண்ணு போதும்."

மேடம்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் ஃபரீதா அக்கா எழுந்திருக்கவில்லை. அடுத்தவர் வாசலில் வந்து நின்றுவிட்டார். மேடம் என் பக்கம் குனிந்து, "என்ன பிரச்சினைன்னு கேக்காத. என்ன சொல்லணும்னு கேளு" என்றார்.

கேட்டேன்.

"ஓதணும்" என்றார் ஃபரீதா அக்கா.

மீதியைச் சலீம் பாய் சொன்னார். அக்கா தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுப்பவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடத்துகிறார். அதை அவர் வேலை என்று நினைத்ததே இல்லை, அதனால்தான் என்னிடம் தலையசைத்திருக்கிறார். நோய் வந்ததிலிருந்து வகுப்பு இல்லை.

"ஒரே ஒரு வரி ஓதிக் காட்டறீங்களா அக்கா? எது தப்பா வருதுன்னு பாக்கலாம்."

மாட்டேன் என்று தலையசைத்தார்.

"வீட்டுலயும் வாய்விட்டு ஓதறதில்ல மேடம்" என்றார் சலீம் பாய். "பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு, உடம்பு முடியாதவங்களுக்கு மன்னிப்பு இருக்குதுன்னு. கேக்க மாட்டேங்கறா."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். "மன்னிப்பு இருக்குதுன்னு தப்பா ஓதச் சொல்றீங்களா?"

மேடம் அக்காவின் சிகிச்சைக் கோப்பை மூடாமல் மேசை ஓரத்தில் வைத்தார். "இன்னொரு வாட்டி வரச் சொல்லு" என்றார்.

வசனத்தை ஓதமாட்டார், ஓதாமல் எது வரவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. இதற்கு வழி சொன்னவர் சலீம் பாய்தான். அடுத்த முறை வரும்போது, சின்னப் பிள்ளைகள் ஓதத் தொடங்கும் முன் படிக்கும் அரிச்சுவடியைக் கொண்டுவந்தார். காயிதா என்பார்கள். அதன் முதல் பக்கங்களில் அர்த்தமுள்ள சொல்லே கிடையாது. எழுத்தும் அதன்மேல் குறியும் மட்டும். அதைத் தப்பாகச் சொன்னாலும் எதன் பொருளும் மாறிவிடாது.

நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கித் திறந்தேன்.

"அது கடைசிப் பக்கம் மேடம்" என்றார் சலீம் பாய். "நீங்க வலப்பக்கத்துலேருந்து தொறக்கணும்."

சலீம் பாய்க்கே பாடம் சொல்லிக்கொடுத்தது அவர் மனைவிதான். கல்யாணத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டவர். அவர் எனக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

அரபியில் எழுத்து என்றால் மெய்தான். தமிழில் 'கி' என்று எழுதினால் இகரம் எழுத்தோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அங்கே குறில் உயிர் தனிக் குறியாக எழுத்தின் மேலோ கீழோ நிற்கும். மேலே ஒரு சாய்கோடு இருந்தால் அகரம், அது ஜபர். அதே கோடு கீழே இருந்தால் இகரம், அது ஜேர். மேலே ஒரு சின்னச் சுழி இருந்தால் உகரம், அது பேஷ். உயிரே இல்லை என்பதற்கு ஒரு குறி, நம் மெய்யெழுத்தின் புள்ளி மாதிரி, அது ஜஸம். புத்தகங்களில் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா, சுகூன் என்று இருக்கும். எங்கள் ஊரில் உருதுப் பெயர்கள்தான் புழக்கம். பெரியவர்கள் படிக்கும் பத்திரிகைகளில் இந்தக் குறிகளைப் பெரும்பாலும் போடமாட்டார்களாம். குர்ஆனிலும் காயிதாவிலும் ஒன்று விடாமல் போட்டிருக்கும், ஏனென்றால் குறி மாறினால் சொல்லே மாறிவிடும்.

சலீம் பாய் விரலை வைத்து ராகமாக ஆரம்பித்தார். 'பஸ்' என்பதில் வருகிற ப-வை வைத்து: "பா ஜபர் பா... பா ஜேர் பீ... பா பேஷ் பூ..."

பட்டென்று மேசையில் ஓர் அறை விழுந்தது. ஃபரீதா அக்காவின் இடது கை.

"நீட்டாதீங்க! எத்தினி வருசமா சொல்றேன்? ப. பி. பு. அளவு அவ்ளோதான். நீட்டினா அது வேற எழுத்து."

நாங்கள் கேட்டதிலேயே மிக நீளமான, மிகத் தெளிவான பேச்சு அது. பின்னால் மேடம் கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் நான் எதிரே இருந்தேன், உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ப'வுக்கு வாய் திறந்தது. 'பி'க்கு உதடு விரிந்தது. 'பு'வுக்குக் குவியவில்லை. இடப்பக்கம் மட்டும் கூடியது, வலது மூலை அப்படியே நின்றது. அர்த்தம் இல்லாத எழுத்து என்பதால் என் காது எதையும் இட்டு நிரப்பவில்லை. வந்த ஒலி 'பு'வும் இல்லை, 'பி'யும் இல்லை.

எங்கள் சோதனை இதை எப்படித் தவறவிட்டது என்று அன்று மாலையே மேடமும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். காரணம் எங்கள் தமிழில் இருந்தது. பாட்டு, வீடு, காசு என்று முடிகிற சொற்களில் கடைசி உகரத்துக்கு நாம் உதட்டைக் குவிப்பதே இல்லை. பள்ளியில் குற்றியலுகரம் என்று படித்ததுதான். முதலில் வருகிற உகரத்தையும் பேச்சில் சும்மா விடுவதில்லை: புடவை 'பொடவ' ஆகிறது, குடை 'கொட' ஆகிறது. மிச்சம் இருப்பது புலி. அதற்குப் படத்தைக் காட்டிவிட்டுத்தான் கேட்கிறோம். புலியைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எதுவும் புலியாகத்தான் கேட்கும். 'பூட்டு'வில் வருவது நெடில், உதடு மெதுவாக வந்து சேர்ந்துகொள்ள நேரம் இருக்கிறது. பேஷுக்கு அந்த நேரம் கிடையாது. உடனே குவியவேண்டும், உடனே விடவேண்டும்.

தமிழ் பேசுவதற்கு அவர் உதடு போதும் என்ற அளவில் எங்கள் தாள் பொய் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அது மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் நான் கேட்டேன்: "வகுப்புல புள்ளைங்களுக்கு 'பு' எப்படிச் சொல்லித்தருவீங்களோ அப்படி எனக்குக் காட்டுங்கக்கா."

அவர் துப்பட்டாவை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. அன்று அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சலீம் பாய் உள்ளே வந்தார்.

"வகுப்புல ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொரு பாடம் ஓதிக்கினு இருக்கும் மேடம், எல்லாம் சத்தமா. அந்த இரைச்சல்ல இவ குரல் எடுபடாது. உக்காந்த எடத்துலேருந்து வாயை மட்டும் காட்டுவா. சத்தமே வராது. புள்ள அதைப் பாத்து சரி பண்ணிக்கும்."

எனக்கு எங்கள் வீட்டுத் தறிக்கூடம் கண்முன் வந்தது.

"ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் புள்ளைங்க வந்துச்சுங்க. இவளும் உக்காந்தா. ஒரு புள்ள பேஷை உட்டுச்சு. இவ வாயைக் காட்டினா. அத்தினி புள்ளைங்களும் வாயைக் கோணிக்கினு 'பு'ன்னுச்சுங்க மேடம். கிண்டல் இல்ல, சத்தியமா இல்ல. ஆபா காட்டினா அதான் பேஷுன்னு நெனச்சுக்கினு செஞ்சுதுங்க. நான் சிரிச்சிட்டேன். மறுநாள்லேருந்து வகுப்பு வேணாம்னுட்டா."

பிள்ளைகள் அவரை ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம்.

அவர் போனபிறகு மேடம் கண்ணாடியை எடுத்து, காலையில் துடைத்ததையே மறுபடி துடைத்தார். "பேச்சு வந்துச்சான்னு மட்டும் பாத்தோம்மா. அவங்களுக்கு உதடே கரும்பலகை" என்றார்.

அதன்பிறகு செய்ததை முறையாகச் சொல்கிறேன்.

கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாக எங்கள் வீட்டுச் சிவப்புப் பட்டு நூல் ஒன்றை ஒட்டினேன். மூக்கு நுனியை நூலில் வைத்துக்கொண்டால் வாய் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்று அவரே பார்க்கலாம். பலமான இடது கன்னத்தை ஒரு விரலால் மெல்லப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இல்லாவிட்டால் இடப்பக்கமே எல்லா வேலையையும் செய்துவிடும், வலப்பக்கம் சும்மா இருந்து பழகிவிடும். பிறகு பட்டன். பெரிய கோட்டுப் பட்டனில் நூலைக் கட்டி, உதட்டுக்கும் பல்லுக்கும் இடையில் வைத்து, நூலை மெதுவாக இழுக்கவேண்டும். பட்டன் வெளியே வராமல் உதடு பிடித்துக்கொள்ளவேண்டும். பட்டன் கொண்டுவந்தவர் சலீம் பாய். ஆரம்பத்தில் லேசாக இழுத்தாலே தெறித்து வந்தது.

"டென்ஷன் பத்தல. மெஷினா இருந்தா ஒரு திருகு திருகிடுவேன்" என்பார் அவர்.

"உங்க ஸ்குரூ டிரைவரை பையிலயே வைங்க" என்பார் அக்கா.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. இல்லாதது ஒன்றை அக்காவே எங்களுக்குக் கொடுத்தார். "நான் சொல்றதைத் திரும்பச் சொல்லுங்க" என்பதுதான் எங்கள் அறையின் வழக்கம். அதற்கு அவர் அரைமனதாகவே உழைத்தார். ஆனால் யாராவது தப்பாகச் சொன்னால் அவரால் சும்மா இருக்கவே முடியாது. அதனால் நாற்காலியை மாற்றினோம். காயிதாவை நான் வாசிப்பேன். அவர் திருத்துவார். குரலில் திருத்தக் கூடாது, வகுப்பில் செய்வதுபோல வாயால் மட்டும் காட்டவேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பேஷ் நிறைய வரும். நான் உதட்டைச் சோம்பலாக வைத்து வாசிப்பேன். அவர் நூல் ஒட்டிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேஷைக் காட்டுவார்.

சில நேரம் வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். உடனே கண்டுபிடித்துவிடுவார். "நீ வேணும்னு பண்ற. ஒழுங்கா தப்பு பண்ணு."

ஒழுங்காகத் தப்புப் பண்ண எனக்குச் சிரமமே இல்லை. பு-வும் மு-வும் கொஞ்சம் வந்தன. தொண்டைக்குள்ளிருந்து வரும் எழுத்துகளோடு பேஷ் சேர்ந்தால் என் உதடு ஓர் இடத்திலும் தொண்டை ஓர் இடத்திலும் நிற்கும். ஜேரிலிருந்து பேஷுக்குப் போவதுதான் இரண்டு பேருக்கும் கடினம். விரிந்த உதடு உடனே குவியவேண்டும். எனக்குப் பழக்கம் இல்லாததால் கடினம், அவருக்குப் பலம் இல்லாததால் கடினம். இரண்டு பேரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துத் திணறிக்கொண்டிருப்போம். நான் குவிக்கக் கற்றுக்கொள்ளக் கொள்ள அவருக்கும் குவிந்தது. யாருக்கு யார் பயிற்சி கொடுத்தோம் என்று வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

நடுவில் மோசமான நாட்களும் உண்டு. காய்ச்சல் வந்து தேறி வந்தபோது, பிடித்துக்கொண்டிருந்த பட்டன் மறுபடி தெறித்தது. அன்று அவர் காயிதாவை மூடிவைத்துவிட்டு, "வேற யார்கிட்டயாவது அனுப்பிடச் சொல்லிடறேன் புள்ளைங்கள" என்றார். சலீம் பாய் அன்று எந்த வேடிக்கையும் பேசவில்லை. மேடம் மட்டும் பின்னாலிருந்து, "இன்னொரு வாட்டி" என்றார். எப்போதும் சொல்லும் அதே குரலில். அக்கா பட்டனை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

கோப்பை இப்படியே திறந்து வைத்திருக்க முடியாது. மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள், தேறிய நோயாளிக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று. ஒருநாள் மேடம், "இன்னிக்கு முடிவு பண்ணிடலாம்" என்றார். வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா காயிதாவின் ஒரு பக்கம் முழுவதையும் குரல்விட்டு வாசித்தார். பேஷ் வந்த இடமெல்லாம் மேடம் "கேட்டுச்சு", "கேட்டுச்சு" என்றார்.

"இல்ல" என்றார் அக்கா.

"கேட்டுச்சும்மா. சுத்தமா கேட்டுச்சு."

"கேக்கறது இல்ல மேடம். பாக்கணும்."

அப்போது மேடம் செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழுந்து முன்னால் வந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டார். "காட்டுங்க. நான் சொல்றேன்."

அக்கா சத்தமில்லாமல் வாயைக் காட்டினார்.

"ஜபர்" என்றார் மேடம். இத்தனை நாள் பின்னால் உட்கார்ந்தே அவரும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது. "பேஷ்."

அடுத்தது. மேடம் தயங்கினார். "ஜபர்?"

"இன்னொரு வாட்டி" என்றார் ஃபரீதா அக்கா.

முதலில் சிரித்தது மேடம்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜேர்" என்றார்.

"கேட்டுச்சு" என்றார் அக்கா.

மேடம் கோப்பை எடுத்துப் பென்சிலால் எழுதினார்: நோயாளி போதும் என்று சொல்லும்வரை தொடரலாம். மேலிடத்துக்கு அவரே போய்ப் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, எங்களை யாரும் மறுபடி கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் சோதனைத் தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்ந்தது: உங்களுக்குச் சரியா இருக்குதா? அதற்கு வரும் பதில்தான் முடிவு.

ஃபரீதா அக்கா போதும் என்று சொல்லவேயில்லை. ஒரு வாரம் வரவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, செவிலிமேட்டுக்கு ஒரு நோயாளியை வீட்டில் பார்க்கப் போய்விட்டு, திரும்ப டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது சலீம் பாய் அழைத்தார்.

"மேடம், பேசாதீங்க. கேளுங்க" என்று கிசுகிசுத்தார்.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். நிதானமாக, நீட்டவேண்டிய இடத்தில் மட்டும் நீண்டு, குறிலில் குறுகி, நிறுத்தி, மறுபடி எடுத்துப் போய்க்கொண்டிருந்தது. பஸ் வந்து நின்று போய்விட்டது. ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பேஷும் கேட்டது.

"கேட்டுச்சா மேடம்?"

"கேட்டுச்சு பாய்" என்றேன்.

பிறகு அவருக்கு நல்ல திட்டு கிடைத்ததாம், ஓதுவதைத் திருட்டுத்தனமாகப் போனில் கேட்க வைத்ததற்கு.

எனக்குச் சோறு போட்ட இந்த வேலைக்கு நான் நன்றி சொல்ல நினைக்கும்போதெல்லாம் அந்தப் பேருந்து நிறுத்தம்தான் நினைவுக்கு வருகிறது. மேடத்துக்கும் நன்றி, மூட வேண்டிய கோப்பை மேசை ஓரத்தில் வைத்ததற்கு. சலீம் பாய்க்கும் நன்றி, தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததற்கு. அவர் சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கை மேசையில் விழுந்தே இருக்காது.

போன வாரம் விடைபெற்றுக்கொள்ள அவர்கள் வீட்டுக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து வாயைக் காட்டிக்கொண்டிருந்தார். நேரே குவிந்தது. பிள்ளைகளுக்கும் நேரே குவிந்தது, ஒரு சிறுமியைத் தவிர. அக்காவின் வாய் கோணியிருந்த அந்த ஒரு நாள் வகுப்பில்தான் அவள் முதன்முதலாகப் பேஷ் கற்றாளாம். பேஷ் வந்தால் அவள் வாய் மட்டும் வலப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது. எதிரே உட்கார்ந்து கண்ணாடி மாதிரி பார்த்துக் கற்றதால் அந்தப் பக்கம்.

"சரி பண்ணிடலாமாக்கா? கண்ணாடி வெச்சா ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன்.

அக்கா அவளைப் பார்த்தார். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தாள்.

"ஓசை சரியா இருக்குது. உடு."

இப்போதைய நிலை இது. ஃபரீதா அக்காவின் கோப்பு மூடப்பட்டுவிட்டது. களைத்த நாட்களில் வலது மூலை கொஞ்சம் தாமதமாக வருகிறது, அன்று வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறார். காயிதாவின் ஒரு பிரதி எங்கள் அறையின் அலமாரியில், பட்டன் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலப்பக்கத்திலிருந்து திறக்கவேண்டும். கண்ணாடியில் சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது, ஹெலன் மேடம் அதைச் சுற்றித் துடைக்கிறார். பிரியங்காவின் நோயாளி இன்னும் வருகிறார். செயலி பச்சை காட்டுகிறது, அவர் வரவில்லை என்கிறார். 'நீங்க என்ன சொல்லணும்?' என்று நாளைக் காலை பிரியங்கா அவரிடம் கேட்கப்போகிறாள்.